ஆறு பட்டன் கோட்டு

பதினொரு வருடம் ஒரே மேசையைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், ஆனால் அவருடைய பெயர் எனக்குத் தெரியாது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? எங்கள் ஊர்க்காரர்கள் நம்புவார்கள். எங்கள் ஊர் என்று நான் சொல்வது ஜப்பானின் நொபேயோகா நகரத்தை அல்ல. நொபேயோகாவின் தொழில் வளர்ச்சி மண்டபத்தில், இரண்டாம் மாடியில், வருடத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலை பத்தரைக்கு முளைத்து, மாலை மூன்றரைக்கு மடித்து வைக்கப்படுகிற ஊர் அது. சொந்தக் கைக்காசைப் போட்டுப் படக்கதை அச்சடித்துக் கொண்டுவந்து விற்பவர்களின் கூட்டம். பெயர் தொபியுவோ, அதாவது கோலா மீன்.

அங்கே அவர் நெகிமிசோ. வெங்காயத்தாளை மிசோ என்கிற சோயா விழுதில் வதக்கிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வோமே, அதுதான். நான் யமோரி, பல்லி. கூட்டத்தை நடத்துகிறவள் ஒக்ரா, வெண்டைக்காய். இந்த லட்சணத்தில் பெயர் வைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒருவரையொருவர் "நிஜப் பெயர் என்ன, எங்கே வேலை" என்று கேட்பதில்லை. பக்கத்து மேசைக்காரர் உங்கள் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தரும் வாத்தியாராகவே இருக்கலாம். மண்டபத்துக்குள் அவர் ராட்சத நண்டுகளைப் பற்றி வரைகிறவர், அவ்வளவுதான். கடைத்தெருவில் எதிரே வந்தால்கூட லேசாகத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவோம். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் நாலு பேராவது மீறியிருப்பார்கள்.

நான் பாசியைப் பற்றிப் படக்கதை போடுகிறவள். ஒரு கூட்டத்துக்குப் பதினொரு பிரதி போனால் அது எனக்குத் திருவிழா. அதனால் பக்கத்தில் இருப்பவரைக் கவனிக்க எனக்கு நேரம் நிறைய. நெகிமிசோ-சானும் பெண்தான், ஐம்பது தாண்டியிருக்கும். குட்டையான உருவம், முன்கை மட்டும் திண்ணென்று இருக்கும். உடற்பயிற்சி டீச்சர் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். ஏப்ரல் கூட்டத்துக்கு ஹியூகாநாட்சுப் பழம் கொண்டுவருவார். மஞ்சள் தோலை மட்டும் மெல்லியதாகச் சீவி, வெள்ளைப் பஞ்சோடு துண்டு போட்டு எனக்கும் நீட்டுவார். புத்தகம் வாங்கிக்கொண்டு போகிறவர்களிடம், "பார்த்து இறங்குங்க, படி இருக்கு" என்பார். அந்த மண்டபத்தில் படியே கிடையாது. எனக்குப் பல வருடம் அது புரியவே இல்லை.

அவருடைய கதையின் பெயர் 'இரண்டாம் எண் மேடை'. மனைவியை இழந்த ஒரு பஸ் டிரைவர். பஸ் நிலையத்தில் நின்றபடி சாப்பிடும் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர். இரண்டு பேருக்கும் ஐம்பத்தைந்து வயது. ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர், சொல்லத்தான் வாய் வராது. எட்டுத் தொகுதியாக டிரைவர் நூடுல்ஸ் சாப்பிடுகிறார், கடைக்காரர் ஒரு துண்டு மீன் வடை கூடுதலாகப் போடுகிறார், பஸ் கிளம்பிவிடுகிறது. இதில் இரண்டு வருடம் புத்தகமே வரவில்லை. "புதுத் தொகுதி முடியவில்லை, மன்னிக்கவும்" என்று எழுதிய சீட்டை மேசையில் வைத்துவிட்டு அந்தச் சீட்டுக்குப் பின்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். தாகானபேயிலிருந்து வரும் முடிதிருத்தகத்து அம்மா ஒருத்தி உண்டு, எட்டுத் தொகுதியும் வைத்திருப்பவள். போன இலையுதிர்காலத்தில் அவள் நேராகவே சொல்லிவிட்டாள்.

"நெகிமிசோ-சான், ஒன்பதாவதுலயும் ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கலேன்னா நானே கதைக்குள்ள பூந்து சேர்த்து வெச்சுட்டு வந்துருவேன்."

"ஒன்பதுதான் கடைசி. பிடிச்சுப்பாங்க" என்றார் நெகிமிசோ-சான். சொன்னவருக்கே காது சிவந்துவிட்டது.

ஆக, போன ஏப்ரலில் எங்கள் கூட்டத்துக்கு ஒரு காரியம் இருந்தது. ஒன்பதாம் தொகுதி வர வேண்டும்.

வந்தது. எப்படி வந்தது என்பதுதான் கதை.

எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்று இருக்கிறது. படத்தைக் கடைசி நாள் வரை இழுத்து, கடைசி மணி நேரத்தில் அச்சகத்துக்கு அனுப்புவோம். அப்போது கண்ணில் பசை ஒட்டியது போல இருக்கும். அந்தக் கண்ணோடு ஆர்டர் படிவத்தை நிரப்ப வேண்டும். நேராக மண்டபத்துக்கே பெட்டியை அனுப்பச் சொன்னால் பிரச்சினை இல்லை. ஆனால் மண்டபம் வியாழக்கிழமை வரைதான் பெட்டி வாங்கும். நெகிமிசோ-சானின் புத்தகம் வெள்ளிக்கிழமைதான் வந்து சேரும். வீட்டில் தனி ஆள், பகலில் கதவைத் திறக்க யாரும் இல்லை. அதனால் வேலை செய்யும் இடத்து முகவரியைப் போட்டுவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. 'பெட்டியின் மேல் வெறும் லேபிள்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போட வேண்டும். போடாவிட்டால், எந்தப் பெட்டி எந்தப் புத்தகம் என்று தெரிவதற்காக அச்சகத்தார் அட்டைப்படத்தையே பெட்டியின் மேல் ஒட்டி அனுப்புவார்கள். மண்டபத்தில் நூறு பெட்டி குவிந்து கிடக்கும்போது அது வசதி. பஸ் டிப்போவில் அப்படி இல்லை.

ஆமாம், அவர் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருடமாக. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வாயால் சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்தப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார், அட்டைப்படம் அப்படியே ஒட்டியிருந்தது. இரண்டாம் எண் மேடை, மழை, குடை, இரண்டு நடுத்தர வயது ஆண்கள், விரலோடு விரல் பின்னிய கைகள். பதினொரு வருடம் நாங்கள் காத்திருந்த முடிவை, டிப்போவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் முதல் ஆளாகப் பார்த்துவிட்டார்கள். எனக்கு முதலில் வந்த கோபம் அதற்குத்தான், மறைப்பானேன்.

"காலைல பத்து மணிலேர்ந்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் கவுன்டர் மேலயே இருந்திருக்கு யமோரி-சான். நான் மலை வண்டி முடிச்சுட்டு உள்ள நுழையுறேன், அத்தனை பேரும் கப்சிப். அப்புறம் ஒருத்தன் கேக்குறான், 'இந்த டிரைவரோட மூக்கு மேனேஜர் மூக்கு மாதிரியே இல்ல?'ன்னு."

"இருக்கா?"

"மூக்குன்னா அப்படித்தான் இருக்கும். நான் என்ன பண்றது."

மேனேஜர் பெயர் குசகபே. அவர் வெளி ஆள், அதனால் நிஜப் பெயரையே எழுதுகிறேன். அவர் இவரை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியைக்கூடக் காட்டாமல் பேசினார். கம்பெனிச் சீருடையை அசிங்கப்படுத்திவிட்டீர்கள். அனுமதி இல்லாமல் வெளி வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டத்துக்குப் போகக் கூடாது, டூட்டிக்கு வாருங்கள்.

"லீவு ரெண்டு மாசம் முன்னாடியே எழுதிக் குடுத்துட்டேனே. சீட்டுல உங்க முத்திரைதான் இருக்கு" என்றாராம் இவர்.

அதற்குக் குசகபே மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மன்னிப்புக் கடிதம். இவர் எழுத வேண்டிய கடிதத்தை அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். 'நான் செய்த காரியத்துக்காக மனமார வெட்கப்படுகிறேன். இனி இப்படிப்பட்ட புத்தகங்களைத் தயாரிக்கவோ விற்கவோ மாட்டேன்.' கீழே பெயருக்கு ஒரு கோடு, முத்திரைக்கு ஒரு வட்டம்; எங்கள் நாட்டில் குடும்பப் பெயர் செதுக்கிய முத்திரைதான் கையெழுத்து. திங்கட்கிழமை காலைக்குள் முத்திரை குத்திக் கொடுத்தால் இதோடு போயிற்று. இல்லாவிட்டால் ஊருக்குள் ஓடும் வழித்தடத்தில் இனி நீங்கள் இல்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"யோசிச்சுப் பாக்குறேன்னு சொன்னேன்."

எங்கள் பக்கத்தில் யோசித்துப் பார்க்கிறேன் என்றால் முடியாது என்று பொருள். குசகபே வெளியூர்க்காரர், பாவம், அவருக்கு அது தெரியவில்லை. யோசித்து முடித்துவிட்டாரா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கே வந்துவிட்டார்.

பத்தரைக்கு ஒலிபெருக்கியில் ஒக்ரா "தொபியுவோ தொடங்குகிறது" என்றாள். எல்லாரும் எழுந்து கைதட்டினோம். நெகிமிசோ-சான் பெட்டியை அட்டைப்படம் தெரியும்படி மேசை முன்னால் கவிழ்த்து, அதன் மேல் ஒன்பதாம் தொகுதியை அடுக்கினார். அதை ஒரு துணி போட்டு மூடச் சொல்லலாமா என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. பயந்தவள் நான், அவர் இல்லை.

குசகபே வந்தது ஒரு மணி வாக்கில். வாசலில் நடந்ததை ஒக்ரா பிறகு சொன்னாள். நுழைவுக்குப் பட்டியல் புத்தகம் வாங்க வேண்டும், எண்ணூறு யென். அவர் வாங்க மறுத்தார்.

"நான் வாடிக்கையாளரா வரல. எங்க ஊழியர் ஒருத்தரைப் பாக்கணும்."

"இங்க வாடிக்கையாளர்னு யாருமே கிடையாதுங்க. வரைஞ்சவங்க, வாங்க வந்தவங்க, கூட்டிப் பெருக்குற நான், எல்லாருமே பங்கெடுக்குறவங்கதான். நீங்களும்தான். எண்ணூறு யென்."

கொடுத்தார். பிறகு ஒரு பெயரைச் சொல்லி, அவர் எந்த மேசை என்று கேட்டார். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று ஒக்ரா சொன்னாள். பொய் இல்லை. பட்டியலில் தொண்ணூறு பெயர் இருந்தது, நிஜப் பெயர் ஒன்றுகூட இல்லை. அவர் கேட்டது என்ன பெயர் என்று ஒக்ரா என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மேசை மேசையாகத் தேடிக்கொண்டு வந்தவர், பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். மூக்கு அப்படியே இருந்தது. நல்ல மூக்குத்தான், சும்மா சொல்லக் கூடாது. நின்ற இடத்திலிருந்தே நெகிமிசோ-சானின் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் சேர்த்து உரக்கக் கூப்பிட்டார்.

சுற்றி இருந்த இருபது மேசையும் ஒரே சமயத்தில் வேறு எங்கோ பார்த்தது. நண்டு வாத்தியார் தன் ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தார், அவர் போட்டிருந்தது செருப்பு. அந்தப் பெயர் என் காதிலும் விழுந்தது. விழவில்லை என்று வைத்துக்கொண்டேன். அதை நான் இப்போது எழுதப் போவதில்லை, திருடிய பொருளை யாரும் வெளியில் காட்டுவதில்லை.

குசகபே புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். கேட்காமல் எடுத்தார். இதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"எடுத்துப் பாக்கலாமான்னு கேட்டுட்டுத்தாங்க எடுக்கணும்" என்றேன்.

"நீங்க யாரு?"

"பல்லி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தார். "பாக்கலாமா?" என்று பற்களுக்கிடையில் கேட்டார்.

"தாராளமா" என்றார் நெகிமிசோ-சான்.

மறுபடி எடுத்தார். "இது எங்க சீருடை. இதை எப்படி மறுப்பீங்க?"

"பட்டனை எண்ணிப் பாருங்க."

"என்ன?"

"நம்ம கோட்டுக்கு அஞ்சு பட்டன். இதுல ஆறு. பதினோரு வருஷமா ஒவ்வொரு கட்டத்துலயும் ஆறுதான் போட்டிருக்கேன். கம்பெனிக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாதுன்னு. எங்கயாவது அஞ்சு இருந்தா காட்டுங்க, இப்பவே முத்திரை குத்துறேன்."

அவர் எண்ணினார் என்பதுதான் வேடிக்கை. மூன்று பக்கம் எண்ணினார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து கடிதத்தின் இன்னொரு பிரதியை எடுத்துப் புத்தகக் குவியல் மேலேயே விரித்தார்.

"வாதம் வேணாம். இருபத்திரண்டு வருஷம் நல்ல பேரோட ஓட்டிட்டீங்க. வெட்கப்படுறேன்னு ஒரு வரி, அவ்வளவுதான். யாருக்கு என்ன நஷ்டம்?"

இதற்குள் தாகானபே அம்மா பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். எல்லாருக்கும் கேட்டது.

நெகிமிசோ-சான் கடிதத்தை முழுக்கப் படித்தார். நிதானமாக, பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகிய அந்தக் கையைத் தாளின் இரண்டு பக்கமும் ஊன்றிக்கொண்டு.

"மூணாவது தொகுதியில நான் வரைஞ்ச கை இருக்கே, ஒண்ணொண்ணும் முள்ளங்கி மாதிரி இருக்கும். அதுக்கு இன்னிக்கும் வெட்கப்படுறேன். அதை எழுதிக்கிட்டு வாங்க, குத்துறேன். ரெண்டு பேர் கையைப் பிடிச்சுக்கிட்டாங்கங்கறதுக்கு என்னால வெட்கப்பட முடியாது. முயற்சி பண்ணிப் பாத்தேன், வெள்ளிக்கிழமையிலேர்ந்து. வரல."

பைக்குள் கைவிட்டு முத்திரைப் பெட்டியை எடுத்தார். திங்கட்கிழமைக்காகக் கொண்டுவந்திருந்தார் போலும், அதுவரை மனத்தில் என்ன இருந்ததோ. குசகபேயின் தோள் இறங்கியது. நல்லதுக்குத்தான் என்பது போலக் கடிதத்தை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நெகிமிசோ-சான் சிவப்பு மையில் முத்திரையை இரண்டு தட்டுத் தட்டினார். கடிதத்துக்குக் கீழே இருந்த புத்தகம் ஒன்றை உருவினார். கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அச்சகம், தேதி, ஆசிரியர் நெகிமிசோ என்று அச்சாகியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்து, உடம்பு பாரம் முழுக்கக் கொடுத்து அழுத்தினார். எடுத்து, மை காய ஊதி, இரண்டு கையாலும் தாகானபே அம்மாவிடம் நீட்டினார்.

"பேரைத்தான் இவரு கத்தியே சொல்லிட்டாரே. அடுத்தவர் வாயிலேர்ந்து வந்த பேரா அது நிக்க வேணாம். நானே குடுக்குறேன்."

தாகானபே அம்மா கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் தங்கச்சிக்கும் ஒண்ணு வேணும். முத்திரையோட" என்றாள்.

அப்புறம் நடந்ததுதான் எங்கள் ஊருக்கே புதுசு. நடுவில் தீவு மாதிரி சேர்த்துப் போட்டிருக்கும் எங்கள் மேசைகளுக்கு வரிசை நின்று பார்த்ததே இல்லை. வரிசை எல்லாம் சுவரோரத்துப் பெரிய ஆட்களுக்கு. அன்றைக்கு நின்றது. கதையையே படிக்காதவர்கள்கூட வந்து நின்றார்கள். நண்டு வாத்தியார் தன் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார். ஒக்ரா ஓடி வந்து, வழியை மறித்துக்கொண்டிருந்த குசகபேயின் முழங்கையைத் தொட்டாள்.

"இங்க நிக்கக் கூடாதுங்க. கடைசிக்குப் போங்க" என்று சொல்லி, வழக்கப்படி வரிசையில் கடைசி ஆள் பிடித்திருக்க வேண்டிய பலகையை அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள். 'வரிசை இங்கே முடிகிறது.'

அந்த மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடவுளே, சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு. பின்னால் வந்த பெண் ஒருத்தி, "நன்றிங்க, நான் வாங்கிக்குறேன்" என்று குனிந்து பலகையை வாங்கிக்கொண்டாள். அவரும் என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்துவிட்டார். மெல்ல நகர்ந்து நகர்ந்து முன்னால் வந்தார்.

"உங்களுக்கும் ஒண்ணா?" என்று கேட்டார் நெகிமிசோ-சான். கிண்டல் இல்லை, எல்லாரிடமும் கேட்பது போலத்தான் கேட்டார்.

"நாளைக்குக் காலைல டூட்டி மாத்துற ஆர்டர் வரும்" என்றார் குசகபே.

"சரிங்க. இந்தாங்க, உங்க தாள்." முத்திரை இல்லாத கடிதத்தை மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தார். "பார்த்து இறங்குங்க, படி இருக்கு."

அவர் நிஜமாகவே கீழே பார்த்தார்.

மூன்றரைக்கு மறுபடி எல்லாரும் கைதட்டினோம், மேசைகளையும் நாற்காலிகளையும் நாங்களே மடித்தோம். நான் என் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய், கை கழுவிவிட்டு, கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். நெகிமிசோ என்பதற்குப் பக்கத்தில் சிவப்பு வட்டம், அதற்குள் இவாகிரி. இனி எழுதலாம், அவரே கொடுத்துவிட்டார். அவர் இவாகிரி ஃபுசாயே, வயது ஐம்பத்து மூன்று, பஸ் டிரைவர்.

ஆர்டர் சொன்னபடியே வந்தது. ஊருக்குள் ஓடும் வண்டிகளை எல்லாம் பிடுங்கிக்கொண்டு மலை வண்டியை மட்டும் விட்டுவைத்தார்கள். போக ஒன்று, வர ஒன்று. ஆள் வராத வழித்தடம், தண்டனை என்று நினைத்துத்தான் கொடுத்தார்கள். சம்பளமும் குறைந்துவிட்டது, அது நிஜம். டிப்போவில் பாதிப் பேர் இன்னும் அவரோடு டீ குடிப்பதில்லை. இதையெல்லாம் எனக்கு யார் மூலமாகவோ தெரிந்ததாக நினைக்க வேண்டாம். ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு, நானே அந்த வண்டியில் ஏறினேன். பதினொரு வருடத்தில் மண்டபத்துக்கு வெளியே நாங்கள் பேசிக்கொண்டது அன்றுதான்.

கடைசி நிறுத்தத்தில் நான் ஒருத்திதான் இறங்க மீதி. வண்டி திரும்பக் கிளம்ப ஒரு மணி ஐம்பது நிமிடம் இருந்தது. அவர் எஞ்சினை அணைத்தார், தொப்பியைக் கழற்றினார், இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு பலகையை எடுத்து ஸ்டியரிங் மேல் குறுக்காக வைத்தார். அளவாகத் தானே வெட்டிச் செய்திருந்தார், அசையாமல் உட்கார்ந்தது. அதன் மேல் தாள்.

"ஊர் வண்டியில ஒன்பது நிமிஷம்தான் நிக்கும். ஒரு கட்டம்கூட ஒழுங்கா முடியாது" என்றார்.

"ஒன்பதுதான் கடைசின்னீங்க?"

"அது ரெண்டாம் எண் மேடை. இது வேற."

"பாக்கலாமா?" என்று கேட்டேன்.

தாளை என் பக்கம் திருப்பினார். பென்சில்தான், இன்னும் மை போடவில்லை. கதாநாயகி, ஐம்பதைத் தாண்டியவள், குட்டையான உருவம், திண்ணென்ற முன்கை. டிரைவர் சீருடையில் பஸ் படியில் நின்று, யாரையோ நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் கோட்டின் பட்டன்களை மேலிருந்து கீழே எண்ணினேன். சந்தேகமாக இருந்ததால் இன்னொரு முறை எண்ணினேன்.

ஐந்து.